பெயர் எழுதும் மேசையின் இரண்டு பக்கங்கள்

என் பெயர் முதன்முதலாக ஒரு நிவாரணப் பட்டியலில் விடுபட்டது 1995 நவம்பரில். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போரால் இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களாகத் தங்கியிருந்தோம். அப்பா இறந்தபின் நாங்கள் மாமாவின் வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பதால், குடும்ப அட்டை மாமாவின் பெயரில் இருந்தது. மாமாவோ வழியில் எங்களைத் தவறவிட்டு வடமராட்சிப் பக்கம் போய்விட்டார். அட்டையும் அவரது சட்டைப் பையோடு போய்விட்டது. அம்மம்மா, அம்மா, தம்பி, நான் ஆகிய நால்வரும் எந்த அட்டையிலும் இல்லாதவர்களாக அந்த வகுப்பறையில் இருந்தோம்.

பெயர் எழுத வந்தவர் கெட்டவர் அல்லர். அவரும் இடம்பெயர்ந்து வந்து இன்னொரு வகுப்பறையில் பிள்ளைகளோடு படுத்திருந்தவர்தான். "அட்டை இல்லாட்டி நான் எப்பிடிப் பிள்ளை எழுதுறது?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமைகள் பக்கத்துக் குடும்பங்களின் மாவிலும் பருப்பிலும் சீவித்தோம். அந்த ஒரு தடவைக்குப் பிறகு அம்மம்மா வரிசைப் பக்கமே போகவில்லை, பசித்தாலும் போகவில்லை.

இதைத் தீர்த்து வைத்தவர் அதே பாடசாலையில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். ஒவ்வொரு பின்னேரமும் வேம்பின் கீழ் நின்று பட்டியலை உரத்து வாசித்துவிட்டு, "விடுபட்டவை ஆர்?" என்று கேட்பார். விடுபட்டவருக்காக அவரது ஊரைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் எழுந்து "இவையள் எங்கட ஊர் ஆக்கள்தான்" என்று சொன்னால் போதும், அட்டை தேவையில்லை. பட்டியலில் இரண்டு இடத்தில் பெயர் கொடுத்தவர்களும் அந்த வாசிப்பில்தான் அகப்பட்டார்கள். எல்லோர் காதுபடவும் தன் பெயர் இரண்டு தடவை கேட்பதை யாரும் விரும்புவதில்லை. பிற்காலத்தில் கொழும்பு விடுதிகளில் நடந்த பயிற்சிகளில் இதே காரியத்தைப் பெரிய பெயர்கள் சூட்டிப் படம்போட்டு விளக்கினார்கள். எனக்கு அந்த வேம்புதான் நினைவுக்கு வரும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி ஏப்ரல் 8 ஆம் திகதி திறந்த சில மாதங்களில், யாழ்ப்பாணத்தில் அலுவலகம் திறந்த ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் மேசையின் மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் எழுத்துத் திறன், ஆங்கிலம், திட்ட முன்மொழிவு என்றெல்லாம் கேட்கிறார்கள். அவை வேண்டியவைதான், ஆனால் அவற்றை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். யாருடைய பெயரை எழுதுவது, எங்கே நின்று எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பவைதாம் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தன.

ஆரம்பத்தில் கிராம சேவகர் (ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர்) தந்த பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பினேன். அது அரச பதிவு, அதில் பிழை இருக்காது என்ற எண்ணம். ஆனால் பதிவு என்பது அட்டை வைத்திருப்பவர்களின் பதிவு. கணவனை இழந்து அண்ணன் வீட்டில் ஒதுங்கியவள், இந்தியாவிலிருந்து படகில் திரும்பிவந்து இன்னும் பதியாதவர், மீள்குடியேறுவதற்காகப் பிறந்த ஊரில் பதிந்துவிட்டு இங்கே கொட்டிலில் இருப்பவர் ஆகியோர் அதில் இருக்கமாட்டார்கள். ஆகவே மூன்று பட்டியல்களை வைத்துக்கொள்ளப் பழகினேன்: கிராம சேவகரின் பதிவு, ஊர்ச் சங்கம் தருவது, நானே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து எழுதுவது. மூன்றும் ஒத்துப்போகும் பெயர்களில் செலவிட நேரம் வேண்டியதில்லை. ஒத்துப்போகாத பெயர்களிடம்தான் போய் உட்கார வேண்டும்.

ஒழுங்கையின் கடைசி வரை நடக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை எங்கள் அறிக்கைகளில் ஒருநாளும் எழுதியதில்லை. ஊர்க் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் வராத சனம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அழைப்பு எல்லோருக்கும் போயிருக்கும். ஆனால் சிலர் வாசலோடு நிற்பார்கள், சிலர் அதுவும் வரமாட்டார்கள், சங்கத் தலைவரோ "அவை வரயில்லை, அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் அதிகாரிகளுக்குச் சாதி என்பது புத்தகத்தில் படித்த சொல். எங்களுக்கோ தெரிந்தும் வாய்திறக்காத சொல். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து, இருபது ஆண்டுகள் கடந்தும் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி நிலையங்கள் எனப்பட்ட முகாம்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தால், போவதற்குச் சொந்தக் காணியோ ஏற்பதற்கு வசதியான உறவினரோ இல்லாதவர்கள். கூட்டத்தை முன்பள்ளியிலோ ஒழுங்கை மரத்தடியிலோ வைக்கத் தொடங்கியபின் எனக்குப் புதிய பெயர்கள் கிடைத்தன. சங்கத் தலைவர் ஒருவர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அது தாங்கக்கூடிய இழப்புத்தான்.

தண்ணீர் விடயத்தில் நான் எண்களை நம்பிக் கெட்டவள். உலகெங்கும் நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் ஸ்பியர் குறைந்தபட்ச நியமங்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு மலசலகூடத்துக்கு 20 பேர், தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் கூரையிட்ட இடம். ஒரு முகாமில் பவுசர் (தண்ணீர்த் தாங்கி வண்டி) கொண்டுவந்து ஊற்றும் தண்ணீரை ஆட்களால் வகுத்துப் பார்த்து, 15 லீற்றர் இருக்கிறதென்று நிம்மதியாக அறிக்கை எழுதினேன். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளித்துப் பழகிய பெண்களுக்கு அந்த 15 லீற்றரில் குளிக்க மறைவிடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் குளித்து முடித்தார்கள். மலசலகூடங்களும் கணக்குக்குச் சரியாக இருந்தன. ஆனால் வேலியோரமாக, வெளிச்சம் இல்லாத மூலையில் இருந்தபடியால் பொழுதுபட்டபின் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை, போகாமலிருப்பதற்காகப் பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிக்கவும் இல்லை. இதை எனக்குச் சொன்னவள் பதினாலு வயதுப் பிள்ளை. அதுவும் நான் படிவத்தை மூடிவிட்டு அவளுடைய தாயோடு பாய் இழைத்துக்கொண்டிருந்தபோது. பின்னர் எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை போய்வருவதை வழக்கமாக்கினேன். பகலில் தெரியாதது அப்போது தெரியும்.

உணவிலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஆளொன்றுக்கு 2,100 கிலோகலோரி வருமாறு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று அளந்து கொடுக்கிறோம். அடுத்த நாள் அந்த மாவைச் சந்தையில் விற்கிறார்கள் என்று முறைப்பாடு வரும், அலுவலகத்தில் கோபப்படுவார்கள். நானும் முதல் ஆண்டில் கோபப்பட்டேன். யாழ்ப்பாணத்து வீட்டில் கோதுமை மா என்றால் அதை முதலில் அவித்து, அரித்து, பிறகுதான் புட்டுக்கோ இடியப்பத்துக்கோ எடுக்கவேண்டும். அவிக்க விறகு வேண்டும், புட்டுக்குத் தேங்காய் வேண்டும், கறிக்கு மிளகாய்த்தூள் வேண்டும். இவற்றில் ஒன்றையும் நாங்கள் கொடுக்கவில்லை. ஐந்து கிலோ மாவில் இரண்டு கிலோவை விற்றால்தான் மிகுதி மூன்று கிலோவைச் சாப்பிடலாம். எதை விற்கிறார்கள் என்பதையும், விற்ற காசில் எதை வாங்குகிறார்கள் என்பதையும் சந்தையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், தேவை மதிப்பீட்டுப் படிவம் இருபது பக்கத்தில் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம். கடைகள் திறந்திருந்து பொருளும் இருக்கும் இடத்தில் காசாகவே கொடுப்பது நல்லது என்று பிற்பாடு எங்கள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பின் வந்த மாதங்களில் பணத்துக்குக் குறைவிருக்கவில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு தொடக்கம் மருதங்கேணிக்கு அப்பால் வரை கரையோரம் அழிந்து கிடந்தது. குளிர்நாட்டுக் கம்பளி மேலங்கிகள் மூட்டை மூட்டையாக வந்து மணலில் கிடந்து மழையில் நனைந்தன என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லவேண்டியது கிணறுகளைப் பற்றி, ஏனென்றால் அந்தப் பிழையைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

கடல் புகுந்து கிணறுகள் உப்பாகிவிட்டன; ஆகவே இறைத்துச் சுத்தம் செய்வோம் என்று நீர்ப்பம்பிகளோடு போனோம். ஒரு நாளில் எத்தனை கிணறு இறைத்தோம் என்று எண்ணி மேலிடத்துக்கு அனுப்பினோம். அந்த மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் என்பது கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. அளவோடு அள்ளினால் படை நிற்கும்; வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். இரண்டாம் தடவை இறைத்த கிணறுகள் முன்னையிலும் உவர்த்தன. ஒரு கிழவர் முதல் நாளே எங்களைப் பார்த்து, "மேலால நல்லாக் குப்பையை எடுத்துப்போட்டு விடுங்கோ பிள்ளையள். மாரி வரட்டும், அதுவா மாறும்" என்று சொல்லியிருந்தார். மாரிக்கு இன்னும் ஒன்பது பத்து மாதம் இருந்தது. எங்கள் திட்டத்துக்கு இருந்ததோ மூன்று மாதம். கிழவரின் சொல் எந்தப் படிவத்திலும் பொருந்தவில்லை. உண்மையில் செய்யவேண்டியிருந்தது பவுசர் தண்ணீரை அடுத்த மாரி வரை தொடர்வதற்குப் பணம் கேட்பதுதான். அந்தக் கோரிக்கை கவர்ச்சியற்றது. இறைத்த கிணறுகளின் எண்ணிக்கை போலப் படமெடுத்துக் காட்ட முடியாதது.

அதே கரையில் படகுகளும் வலைகளும் கொடுத்தபோது பட்டியல் மறுபடியும் என்னை ஏமாற்றியது. "இழந்த தொழில் உபகரணங்கள்" என்று படிவம் கேட்டது. படகு வைத்திருந்தவர் படகு என்று எழுதினார். கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி வலை என்று எழுதினார். அந்த வலையைப் பங்குக்கு இழுத்தவர்கள் எதையும் இழக்கவில்லை, ஏனெனில் அவர்களிடம் இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. மீனை வாங்கிக் கருவாடு போட்டு விற்ற பெண்களிடம் இருந்தது பாயும் உப்பும் கொஞ்சம் கைமுதலும். அவை உபகரணம் என்ற சொல்லுக்குள் வரவில்லை. உடைமையாளரிடம் என்ன போனது என்று கேட்பதற்கு முன், இந்த ஒரு படகை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது என்று கேட்கவேண்டும் என்பதை நான் படகுகள் எல்லாம் கொடுத்து முடித்த பின்னர்தான் கண்டுகொண்டேன். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று வடக்குக் கிழக்குக்கு விதித்ததும் (தெற்கில் அது 100 மீற்றர்) இந்தப் பெண்களையே கூடுதலாகத் தாக்கியது. கருவாட்டைக் காகத்துக்கும் நாய்க்கும் பறிகொடுக்காமல் காய வைப்பதற்கு வீடு கரையில் இருக்கவேண்டும்.

2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி, ஏ9 மூடப்பட்டபோது மேசையின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன. ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நானும் அம்மாவும் நின்றோம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நான் முன்னர் நிவாரணம் எழுதிய ஊர்க்காரர்கள். எங்கள் வெளிநாட்டுப் பணியாளர்கள் சில நாட்களில் கப்பலேறினார்கள். அவர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை, அழுதுகொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் பாதுகாப்புத் திட்டம் என்று சுவரில் ஒட்டியிருந்த தாள் அவர்களை வெளியேற்றும் வழியை மட்டுமே சொல்லியது. எங்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதே மாதம் 4 ஆம் திகதி கிழக்கே மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள் அவர்களுடைய அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டிருந்தார்கள்; அனைவரும் இந்நாட்டவர்கள். இத்தொழிலில் சேரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன், வீதி மூடினால் எனக்கு என்ன ஒழுங்கு, சம்பளம் எத்தனை மாதத்துக்கு முற்பணமாக வரும், என் குடும்பம் எங்கே போகும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மாலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த இருவர், குறிப்பிட்ட ஓர் ஊரின் பயனாளிகள் பட்டியலைக் கேட்டார்கள். யார் அனுப்பியவர்கள் என்று திருப்பிக் கேட்கும் காலமாக அது இருக்கவில்லை. பட்டியல் கொழும்பில் இருக்கிறதென்று சொன்னேன். அது என் முழங்காலுக்கு நேரே லாச்சிக்குள் இருந்தது. அவர்கள் போனபின் அதை எடுத்துப் பார்த்தேன். பெயர், முகவரி, வயது, அத்தோடு தெரிவுக்கான காரணம் என்ற நிரலில் என் கையெழுத்திலேயே: மூத்த மகன் வீட்டில் இல்லை, கணவர் கைதானவர், மகள் வன்னியில் (அது அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது). இரக்கம் வரவேண்டும் என்பதற்காக எழுதிய விபரங்கள் அவை. பசித்தவருக்கு மா கொடுப்பதற்காக எழுதிய தாள், வேறொரு கையில் வேறொரு காரியத்துக்கு உதவும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அன்றிரவே அந்த நிரலை வெட்டி அகற்றினேன். பிறகு இலக்கங்களை ஒரு கொப்பியிலும் பெயர்களை இன்னொரு கொப்பியிலுமாகப் பிரித்து வைத்தோம். கொடுக்கும் பொருளுக்குத் தேவைப்படாத எந்தக் கேள்வியையும் கேட்பதை நிறுத்தினோம். கூடாரத் தறப்பாள் கொடுப்பதற்கு மகன் எங்கே என்று தெரியவேண்டிய அவசியம் என்ன? கொழும்பிலிருந்து வெற்று நிரலைப் பற்றி விளக்கம் கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. மறந்துவிட்டேன் என்று பதில் எழுதினேன். கவனயீனமானவள் என்ற குறிப்பு அந்த ஆண்டு என் மதிப்பீட்டில் ஏறியது.

போர் முடிந்து, வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிய காலத்தில் வேலை பெருகியது. அப்போது படிவத்தில் எனக்குப் பெரிய இடைஞ்சலாக நின்றது "குடும்பத் தலைவர்" என்ற கட்டம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பது விதி. முன்னுரிமை வேண்டுமென்றால் விதவை என்ற இடத்தில் அடையாளமிட வேண்டும். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்த நேரம் அது. ஒருத்தி பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, "அவர் செத்தவர் எண்டு நான் என்ர கையால எழுதமாட்டன் தங்கச்சி. உங்கட வீடு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேனே தவிர, சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனவர் என்று பதிந்து சான்றிதழ் பெறும் வழி சட்டத்தில் 2016 இல்தான் வந்தது. நாங்கள் எங்கள் அளவில் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, "வீட்டில் உழைக்கும் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்" என்று மட்டும் கேட்டோம். தேவையான விடை அதில் கிடைத்தது. அவளுக்கும் வீடு கிடைத்தது.

வீடு கட்டிக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், எங்கள் நிறுவனம் கட்டியது கொஞ்சம்தான். இந்திய அரசின் உதவியில் வீட்டுக்கு 550,000 ரூபா வீதம், உரிமையாளரே கட்டும் முறையில், வேலையின் கட்டத்துக்கேற்பத் தவணையாகக் கொடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தன் வீட்டைத் தானே கட்டுவது நல்ல முறை. வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், வீட்டுக்காரர் மனம்போல் எழுந்தன. ஆனால் ஒரே நேரத்தில் ஊரெல்லாம் கட்டினால் மணலும் கல்லும் விலையேறும், மேசனுக்குத் தட்டுப்பாடு வரும். ஆண்துணையில்லாத வீட்டில் மேசன் நாளை நாளை என்று இழுப்பார். காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகுவைத்துக் கூரை போட்டவர்களை எனக்குத் தெரியும். ஐந்து வீட்டுக்கு ஒரு மேசனோடு சேர்த்து உடன்படிக்கை செய்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். இதை எங்களுக்குக் காட்டித்தந்தவர்களும் பெண்கள்தான், மாதர் சங்கத்தில் மாறி மாறிச் சீட்டுப் பிடித்த பழக்கத்தில்.

2014 இல் எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். நிதி வேறு நாடுகளுக்குத் திரும்பிவிட்டது. மூடுவதைச் சனத்துக்கு எப்போது அறிவிப்பது என்று மேலிடத்தில் தயங்கினார்கள். நான் ஆறு மாதத்துக்கு முன்னரே ஒவ்வோர் ஊரிலும் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், சிலர் தேத்தண்ணீர் தந்தார்கள். கணினிகளும் மேசைகளும் பிரதேச செயலகத்துக்கும் சங்கங்களுக்கும் கைமாறின. பன்னிரண்டு ஆண்டுப் பட்டியல்கள் அலுமாரியில் மிஞ்சின. கணக்காய்வுக்கு வேண்டியவற்றைக் கொழும்புக்கு அனுப்பியபின், ஏனையவற்றைப் பழைய கடதாசி வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கடலை சுற்றும் சரையில் அந்தப் பெயர்கள் வருவதை நினைத்துப் பார்த்தேன். பின்வளவில் கிடங்கு வெட்டி, காவலாளி ஐயாவும் நானுமாக எரிக்கத் தொடங்கினோம். கட்டுக் கட்டாகப் போட்டால் நடுத்தாள்கள் வேகாமல் நின்றன. ஆகையால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடவேண்டியிருந்தது. எரிப்பதற்கு மூன்று நாள் எடுத்தது. மூன்றாம் நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்து ஆறவைத்து, சாம்பலை ஐயா வாளியில் அள்ளிக்கொண்டுபோய் வாழைப் பாத்திக்குள் கொட்டினார்.